பாதி வெள்ளைத் தாள்

அந்தக் கேள்விக்கு மட்டும் இப்ப பேனாவை வைக்காதீங்க ஐயா. பேரு எழுதிட்டீங்க, வீரமலை. அப்பா பேரு எழுதிட்டீங்க. வயசு அறுபத்திமூணு, அதுவும் ஆச்சு. பொண்டாட்டி பேரு மருதாயி. சரி. ஒன்பதாவது கேள்வியை இன்னொரு தடவை படிங்க. 'இந்தத் தீவில் எப்போதாவது ஓட்டுப் போட்டதுண்டா? ஆம், இல்லை.' அதான். அதுக்கு என்னால ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. கெழவன் போக்குக் காட்டுறான்னு நினைக்காதீங்க.

எனக்குத் தெரியும் ஐயா. கடலுக்கு அக்கரையில இருக்கற எங்க தாத்தா நாட்டுச் சர்க்கார் அனுப்பித்தான் நீங்க வந்திருக்கீங்க. ஆம்னு எழுதினா, நீ இந்தத் தீவை உன் நாடுன்னு ஒத்துக்கிட்டவன், அக்கரைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு சொல்லிடுவீங்க. இல்லைன்னு எழுதினா நாலாம் தேதிக் கப்பல்ல இடம். வெளியில நிக்கிற உங்க பியூன் விவரமாச் சொல்லிட்டாரு. இன்னிக்கு நாலு மணியோட பதிவு முடியுதுன்னும் சொன்னாரு. மணி என்ன? ரெண்டே காலா? அப்ப நேரம் இருக்கு. அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமாப் போட்டு உக்காருங்க.

அக்கரையில என் மக இருக்கா. ரத்தினம். மூணாவது கப்பல்ல போனா, அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு பேத்தி இருக்கா, நாலு வயசு, நான் மூஞ்சி பாத்ததில்லை. துறைமுகத்துல வச்சு, அடுத்த கப்பல்ல நான் வந்துடுறேன்னு சூடம் ஏத்தி அணைச்சு அவளுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அதுக்கப்புறம் இப்பத்தான் கப்பல் வருது. நான் வீரமலைக் கங்காணி ஐயா, இந்தத் தோட்டத்துக் கூலிகளை மேச்சவன். சொன்ன சொல்லு மாறினவன்னு என்னை இந்தத் தோட்டத்துல ஒருத்தன் சொல்லட்டும். வேற என்னென்னமோ சொல்லுவானுங்க. அதை மட்டும் சொல்ல மாட்டானுங்க.

ஓட்டு விஷயத்துக்கு வரேன்.

சுதந்திரம் வந்து ஒன்பது மாசம் ஆகியிருந்துச்சு. வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக் கப்பலேறிட்டான். எங்க துரை ஏறலை. அவருக்குத் தோட்டம் இருந்துச்சு. புது நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதியிருக்கோம், ஒத்துக்கிறீங்களா இல்லையான்னு ஜனங்களையே கேக்கப்போறோம்னு புது சர்க்கார் அறிவிச்சுது. அதுவரைக்கும் எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை ஐயா. கூலி பத்துதான்னு கேட்டதில்லை, நாங்க குடியிருக்கற லயத்துக் கூரை ஒழுகுதான்னு கேட்டதில்லை. திடீர்னு ஒரு நாடே வந்து உனக்குச் சம்மதமான்னு கேட்டா? பொண்ணு பாக்க வந்த மாதிரி இருந்துச்சு. பொம்பளைங்க ஒரு வாரமா லயத்து வாசலைக் கூட்டிக் கூட்டிக் கோலம் போட்டாளுக.

அந்தச் சட்டத்துல பதினாலாவது பிரிவுதான் எங்க பிரிவு. சுதந்திரத்தன்னிக்கு இந்தத் தீவுல யாரெல்லாம் இருந்தாங்களோ அவங்க எல்லாரும் இந்த நாட்டுப் பிரஜை. அவ்வளவுதான், ரெண்டே வரி. எங்க தாத்தா முதுகுளத்தூர்ப் பக்கத்துல இருந்து கரும்பு வெட்ட வந்தவரு. அவரு சாகறப்பவும் கூலிதான், எங்கப்பன் சாகறப்பவும் கூலிதான். இந்த ரெண்டு வரி வந்தா நாங்க பிரஜை. தோட்டத்தை விட்டு வெளியில போயி ஒரு கடை வைக்கலாம், ஒரு துண்டு நிலம் எழுதி வாங்கலாம். அந்த ஒரு ஓட்டுக்கு மட்டும் இருபத்தோரு வயசு ஆன அத்தனை பேரையும் சேத்திருந்தாங்க. எங்க தோட்டத்துல முன்னூத்திப் பதினோரு பேர். பட்டியல் எழுதிக் கொடுத்ததே நான்தான். லயத்துல எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது கந்தையா. மருதாயியோட அண்ணன் மகன், ரத்தினத்துக்கு முறைப் பையன். சங்கத்துல சேந்து சைக்கிள்ல சுத்திக்கிட்டிருந்தான். அவனுக்கு வயசு இருபது. ஓட்டுப் போட வயசில்லாதவன் ஊருக்கெல்லாம் ஓட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தான். அதனாலதான் பின்னாடி அவனும் ரத்தினமும் கப்பலேற முடிஞ்சுது. வயசு பத்தாம ரெண்டு பேருமே ஓட்டுப் போடலை பாருங்க. போட்ட நாங்க இங்க கெடக்கோம்.

ஓட்டுப் போடற முறையைக் கேளுங்க, அப்பத்தான் என் யோசனை உங்களுக்குப் புரியும். ஒரு உறை கொடுப்பாங்க. கூட ரெண்டு தாள். வெள்ளைத் தாள்னா சட்டத்துக்குச் சம்மதம். பச்சைத் தாள்னா வேண்டாம். திரைக்குப் பின்னாடி போயி எது வேணுமோ அதை உறைக்குள்ள வச்சு, வெளியில வந்து பெட்டியில போடணும். மிச்சத் தாளை அங்கயே கூடையில போடலாம், மடியில கட்டிக்கிட்டும் வரலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

ஓட்டுக்குப் பத்து நாள் முன்னாடி கந்தையா எங்கிட்ட வந்து, மாமா, ஜனங்க பயப்படுது, மாரியம்மன் கோயில்ல வச்சு ஒரு சத்தியம் வாங்கிடுங்கன்னான். கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் நான்தான். நான் கூப்பிட்டா வருவாங்க. சரின்னு சூடத்தை ஏத்தி, 'வெள்ளைத் தாளைப் பெட்டியில போடுவேன்'னு ஒவ்வொருத்தரா அணைச்சுச் சத்தியம் பண்ண வச்சேன். முதல்ல அணைச்சது நான். சந்தோஷமாத்தான் அணைச்சேன் ஐயா. என் மக பிரஜை ஆகப் போறான்னு எனக்கும் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா அம்மா கேப்பா.

நாலு நாள் கழிச்சுக் காலைப் பெரட்டுல, பேர் கூப்பிடற நேரத்துல, துரை வந்து நின்னாரு. அவரு பெரட்டுக்கு வந்தா ஏதோ வினைன்னு அர்த்தம். 'எல்லாரும் ஓட்டுப் போடுங்க, தடையில்லை. ஆனா சாயங்காலம் ஒவ்வொருத்தரும் வெள்ளைத் தாளைக் கொண்டாந்து கங்காணிகிட்டக் கொடுக்கணும். கொடுக்காதவங்க மறுநாள் லயத்து அறையைக் காலி பண்ணணும்'னாரு. வெள்ளைத் தாள் கைக்கு வந்தாப் பெட்டிக்குள்ள போனது பச்சைன்னு அவருக்குக் கணக்கு. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, 'கங்காணி, உங்க கோயில்ல சூடம் கொளுத்துவீங்களே, அப்படியே வாங்கிடு'ன்னாரு. எல்லாம் தெரியும் அந்த மனுஷனுக்கு.

நான் என்ன பண்ணட்டும்? சொல்லுங்க. முன்னூத்திப் பதினோரு பேரு, கொழந்தை குட்டிங்க தனி. அறையைப் பூட்டிட்டா எங்க போவாங்க? சுத்தி அவரு கரும்பு. கரும்பைத் தாண்டினா கடல். அன்னிக்குச் சாயங்காலமே கோயில்ல கூட்டி, 'வெள்ளைத் தாளைக் கங்காணி கையில கொடுப்பேன்'னு ரெண்டாவது சத்தியம் வாங்கினேன். அப்பவும் முதல்ல அணைச்சது நான்தான். கை சுட்டுச்சு.

அப்புறம் ஆரம்பிச்சுது. ஒவ்வொருத்தரா வந்து இந்த வாசல்ல நிக்கிறாங்க. கங்காணி, பெட்டியில போடறேன்னும் சத்தியம் பண்ணிட்டோம், உங்ககிட்டக் கொடுக்கறேன்னும் சத்தியம் பண்ணிட்டோம், இருக்கறது ஒரே தாளு, எந்தச் சத்தியத்தை மீறச் சொல்றீங்க? பொம்பளைங்க அழறாளுக. எங்க மாரி சும்மா விடற சாமி இல்லை ஐயா. பொய்ச் சத்தியம் பண்ணினவன் ஒருத்தனுக்கு முந்தின வருஷந்தான் அம்மை வந்து ரெண்டு கண்ணும் போச்சு. மூணு நாள் எனக்குச் சோறு எறங்கலை. இந்தப் பக்கம் அறை போயிடும், அந்தப் பக்கம் கண்ணு போயிடும்.

நாலாம் நாள் கரும்புக் காட்டுல நின்னுக்கிட்டிருக்கும்போது தோணுச்சு. வெள்ளைத் தாளைப் பெட்டியில போடுவேன்னு சொன்னோம். முழுத் தாளைன்னு சொன்னோமா? கங்காணி கையில கொடுப்பேன்னு சொன்னோம். முழுத் தாளைன்னு சொன்னோமா? ரெண்டாக் கிழி. பாதி பெட்டிக்கு, பாதி எனக்கு. ரெண்டு சத்தியமும் நின்னுச்சு. ஒருத்தர் கண்ணும் போகாது, ஒருத்தர் அறையும் போகாது.

சிரிக்காதீங்க ஐயா. அன்னிக்கு யாரும் சிரிக்கலை. லயமே என் காலைத் தொட்டுக் கும்பிட்டுச்சு.

ஆனா துரை பாதித் தாளை ஏத்துக்கணுமே. நேரா பங்களாவுக்குப் போயி விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சாரு பாருங்க, நாற்காலியில சாஞ்சு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். 'பாதி போதும் கங்காணி, பாதி தாராளமாப் போதும்'னாரு. எழுந்து வந்து என் தோளைத் தட்டினாரு. முப்பது வருஷத்துல அந்த மனுஷன் கை என் மேல பட்டது அன்னிக்குத்தான். நான் இருக்கும்போதே போனை எடுத்து மத்தத் தோட்டத்துத் துரைங்களுக்கெல்லாம் சொன்னாரு. ஏழு தோட்டத்துல என் யோசனைதான். ஏழு தோட்டத்துக் கங்காணிகளும் அதையே சொல்லிக் கொடுத்தானுங்க. கண்டுபிடிச்சவன் நான். இதை நான் பெருமைக்குச் சொல்லலை, நடந்ததைச் சொல்றேன்.

கந்தையாவுக்கு நான் சொல்லலை. அவன் அந்த வாரம் வடக்கே வேற தோட்டங்கள்ல சுத்திக்கிட்டிருந்தான். சொல்லியிருக்கலாம்தான். சின்னப் பய, எதுக்கெடுத்தாலும் தகராறு பண்ணுவான்னு விட்டுட்டேன்.

ஓட்டுத் தினம் கல்யாண வீடு மாதிரி. எண்ணெய் தேச்சுக் குளிச்சு, இருக்கறதுலயே நல்ல சீலையைக் கட்டிக்கிட்டு வரிசையா நின்னாங்க. திரைக்குப் பின்னாடி கிழிக்கிற சத்தம் வெளியில கேக்குது. அங்க உக்காந்திருந்த ஆபீசருக்கு ஒண்ணும் விளங்கலை. சாயங்காலம் இதே வாசல்ல உக்காந்து நான் பாதிகளை வாங்கினேன். பேர் சொல்லிச் சொல்லி வாங்கினேன். எண்ணிப் பாத்தா முன்னூத்திப் பத்து. ஒண்ணு குறையுது.

யாருன்னு பட்டியலைப் பாத்தேன். மருதாயி.

உள்ள அடுப்புல ஏதோ கிண்டிக்கிட்டிருந்தா. தாளு எங்கடின்னேன். 'பெட்டியில'ன்னா. பாதி எங்கன்னேன். 'முழுசாப் பெட்டியில'ன்னா. ரெண்டாவது சத்தியம் என்னாச்சுன்னேன். பதில் இல்லை. அதோட சரி ஐயா. ஒன்பது வருஷம். சோறு வைப்பா, தண்ணி வைப்பா, காய்ச்சல்ல கெடந்தா கஷாயம் வைப்பா. ஒரு வார்த்தை பேச மாட்டா. இந்தா, கதவுகிட்ட நிக்கிறா பாருங்க. உங்களுக்குக் கும்பிடு போட்டாள்ல? எனக்கு அதுகூடக் கிடையாது.

இல்லை, அந்தத் தாளுக்காக மட்டும் இல்லை. சொல்லிடறேன். மறுநாள் துரை, எண்ணிக்கை சரியான்னு கேட்டாரு. ஒண்ணு குறையுதுன்னேன். யாருன்னாரு. எம் பொண்டாட்டின்னேன். எப்படி மறைப்பேன்? ஊர்ல வேற ஒருத்தி கொடுக்காம இருந்தா அவ பேரைச் சொல்லியிருப்பேனா மாட்டேனா? எனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா? கங்காணி வீடுங்கறதால அறையைக் கேக்கலை அவரு. பெரட்டுப் பட்டியல்ல அவ பேரை மட்டும் அடிச்சாரு. நானே பேனா எடுத்துக் கொடுத்தேன். அதுக்கப்புறம் அவளுக்கு இந்தத் தோட்டத்துல வேலை இல்லை. இருபத்தாறு வருஷம் கரும்பு கட்டினவ. ஒரு நேர்மையான புருஷனுக்கு இதான் தண்டனைன்னா நான் என்ன சொல்ல?

ஓட்டு எண்ணினாங்க. தோத்துப் போச்சு. தீவு முழுக்க எண்ணி ஆயிரத்து நூத்திச் சொச்சத்துல தோத்துச்சு. எங்க ஏழு தோட்டத்துல மட்டும் செல்லாத ஓட்டு ரெண்டாயிரத்து அறுநூறு. கிழிஞ்ச தாளு செல்லாதாம். முன்னாடியே சொன்னாங்களா? சொல்லலையே. டவுனுக்கு நடந்தே போயி அந்த ஆபீசர்கிட்டச் சண்டை போட்டேன். ஐயா, பாதித் தாளுன்னா பாதி ஓட்டு, ரெண்டு பாதி சேந்தா ஒரு ஓட்டு, சேத்து எண்ணுங்கன்னேன். சேத்து எண்ணியிருந்தா ஆயிரத்து முன்னூறு. ஜெயிச்சிருப்போம். அந்த ஆளு என்னைப் பாத்த பார்வை இருக்கே. என் மேல என்ன தப்பு? எண்ணத் தெரியாதவன் மேலதான் தப்பு.

அப்புறம் சர்க்கார் வேற சட்டம் எழுதிக்கிச்சு. அதுக்கு யாரையும் கேக்கலை. அதுல பதினாலாவது பிரிவு இல்லை. தோட்டம் கைமாறுச்சு, துரை கப்பலேறிட்டாரு. பிரஜை இல்லாதவனுக்கு நிரந்தர வேலை இல்லைன்னு புதுக் கம்பெனி சொல்லிடுச்சு. வேற தோட்டத்துக்குப் போகணும்னாப் பிரஜைக் கார்டு கேக்கறான். பஸ்ல ஏறி டவுனுக்குப் போனா நடுவுல நிறுத்திக் கார்டு கேக்கறான். முன்னூறு பேரும் இந்தக் கரும்புக்குள்ளயே தினக்கூலிக்குச் சுத்திக்கிட்டிருக்கோம், செக்குல கட்டின மாடு மாதிரி. கோயில்ல இப்ப என் கையால யாரும் திருநீறு வாங்கறதில்லை. காலைத் தொட்ட அதே ஜனம். நான் யாரையாவது சத்தியம் மீறச் சொன்னேனா? இவங்க கண்ணைக் காப்பாத்திக் கொடுத்தவன் நானு.

இந்த பிஸ்கட் டின்னைப் பாருங்க. அந்தப் பாதித் தாளுங்கதான். துரை எண்ணிட்டுக் குப்பையில போடச் சொன்னாரு. சத்தியம் பண்ணின தாளைக் குப்பையில போடலாமா, எடுத்து வச்சுட்டேன். முன்னூத்திப் பத்தும் இருக்கு. இதோ இது என்னுது, ஓரத்துல மடிச்சு அடையாளம் வச்சிருக்கேன். இப்ப நீங்க சொல்லுங்க. நான் ஓட்டுப் போட்டவனா, போடாதவனா? செல்லாததுன்னு சர்க்காரே சொல்லிட்டா நான் போடலைன்னுதானே அர்த்தம்? அப்ப 'இல்லை'ன்னு எழுதலாம். அத்தாட்சி கையிலயே இருக்கு.

மருதாயிக்கு? அதாங்க சிக்கல். அவ முழுசாப் போட்டுட்டா. ஆனா அது யாருக்குத் தெரியும்? டின்னுல முன்னூத்திப் பத்து இருக்கு. இதுல ஒண்ணை எடுத்து இன்னும் ரெண்டாக் கிழிச்சா முன்னூத்திப் பதினொண்ணு. அவளும் பாதி கொடுத்தவதான்னு ஆயிடும். ரெண்டு பேருக்கும் 'இல்லை'ன்னு போட்டுடலாம். என் தாளையே கிழிக்கறேன், எனக்கு ஒண்ணும் இல்லை. இருங்க, ஒரு நிமிஷம்.

என்ன சொன்னா? சரியாக் கேக்கலை, திருப்பிச் சொல்லுங்க ஐயா. 'நான் முழுசாத்தான் போட்டேன், ஆமான்னு எழுதுங்க'ன்னாளா? உங்ககிட்டச் சொல்றா. அவ பாரத்துல எழுதிட்டீங்களா? அதுக்குள்ள ஏன் எழுதினீங்க? கைநாட்டும் வச்சுட்டா. பாத்தீங்களா, எப்படி அழுத்தி வைக்கிறான்னு. பெட்டியில போட்டப்பவும் இப்படித்தான் போட்டிருப்பா.

சரி. நடந்தது நடந்துபோச்சு. அப்ப நான் மட்டும் போறேன். எம் மககிட்டச் சத்தியம் பண்ணியிருக்கேன்ல, அதை நிறைவேத்தணும்ல. ஆனா மாமியா சாகும்போது, இவளைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன்னு அவ கையைப் புடிச்சுச் சொன்னேன். அதையும் யோசிச்சுட்டேன் ஐயா. தனியா விட மாட்டேன்னுதானே சொன்னேன்? லயத்துல இன்னும் எழுபது குடும்பம் இருக்கு. எழுபது குடும்பத்துக்கு நடுவுல இருக்கறவ எப்படித் தனியா இருக்கறதா ஆகும்? அதுவும் ஆச்சு, இதுவும் ஆச்சு. பாதிக் குடும்பம் இங்க, பாதி அங்க. ரெண்டு சத்தியமும் நிக்கும். எழுதுங்க. 'இல்லை'ன்னு எழுதுங்க.

ஏன் பேனாவைத் தூக்கிட்டீங்க? யாரைப் பாக்கறீங்க?

மருதாயி, நீ ஏன் இங்க வந்து நிக்கிற? சார் எழுதட்டும், வழியை விடு.

ஐயா. ஐயா, கேட்டீங்களா. 'போறீங்களா, இருக்கீங்களா? பாதி சொல்லாம முழுசாச் சொல்லுங்க'ங்கறா. உங்ககிட்ட இல்லை. மூஞ்சியைப் பாத்து என்கிட்டக் கேக்கறா. ஒன்பது வருஷம் கழிச்சு என்கிட்டப் பேசறா.

மணி என்ன ஆச்சு? நீங்க ஏதாவது சொல்லுங்களேன் ஐயா. ஏன் ரெண்டு பேரும் இப்படி என்னையே பாத்துக்கிட்டிருக்கீங்க?